கொலோமாவில் பொன் அரிக்க: குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவில் பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போன வருடம் வீட்டில் 'கோல்ட் ரஷ்' (1848இல் இங்கே பொன் கிடைத்து, ஆட்கள் வந்து குவிந்த கதை) பேச்சு வந்தே தீரும். மாநில வரலாறு அந்த வகுப்புப் பாடம். ராத்திரி பதினொரு மணிக்கு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, அந்தக் கதை தொடங்கிய மர அறுவை ஆலையைச் செய்து கொடுத்த அப்பாக்கள் நம்மில் எத்தனையோ பேர். நானும் செய்தேன். கோந்து காய்வதற்குள் சக்கரம் விழுந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது: நிஜ ஆலை நின்ற இடம் பே ஏரியாவிலிருந்து (சான் பிரான்சிஸ்கோ வட்டாரம்) சுமார் மூன்று மணி நேர ஓட்டத்தில் இருக்க, நான் எதற்கு அட்டையோடு மல்லுக்கட்டுகிறேன்?

இடத்தின் பெயர் மார்ஷல் கோல்ட் டிஸ்கவரி ஸ்டேட் ஹிஸ்டாரிக் பார்க். கொலோமா என்ற சின்ன ஊரில், அமெரிக்கன் ஆற்றின் தென்கிளைக் கரையில் இருக்கிறது. மூன்று முறை போய்வந்துவிட்டோம். முதல் முறை முழுச் சொதப்பல். இரண்டாம் முறை பரவாயில்லை. மூன்றாம் முறை ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மாவையும் கூட்டிப் போனோம். அந்தப் பயணத்தில்தான் இந்த இடத்தை எப்படிப் பார்க்கவேண்டும் என்பதே எனக்குப் பிடிபட்டது. கீழே இருப்பது அந்த மூன்று முறையும் சேர்த்துக் கற்றுக்கொண்டது.

கிளம்புவதற்கு முந்தின இரவு: கதை

கதை தெரியாமல் போனால் அங்கே இருப்பது ஒரு ஆறு, சில பழைய கட்டடங்கள், நிறைய புல். நாற்பது நிமிடத்தில் சுற்றி முடித்துவிட்டு 'அவ்வளவுதானா' என்று டாஹோ ஏரிக்கு வண்டியைத் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் வேலை, பிள்ளைகளைப் படுக்கவைக்கும்போது இதைச் சொல்லிவிடுவது.

ஜான் சட்டர் என்று ஒருவர். சுவிட்சர்லாந்தில் கடன் தலைக்கு மேல் போனதால் தப்பி வந்தவர். இன்றைய சாக்ரமென்டோவில் ஒரு கோட்டை கட்டி, சிற்றரசர் போல வாழ்ந்துகொண்டிருந்தார். பலகை தேவைப்பட்டது. நியூ ஜெர்சியிலிருந்து வந்த தச்சர் ஜேம்ஸ் மார்ஷலோடு கூட்டுச் சேர்ந்து, கொலோமாவில் தண்ணீரால் ஓடும் மர அறுவை ஆலை கட்ட ஏற்பாடு செய்தார். ஆலைச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு தண்ணீர் வெளியேறும் வாய்க்கால் ஆழம் போதவில்லை. மார்ஷல் ஒரு தந்திரம் செய்தார். இரவில் தண்ணீரைத் திறந்துவிடுவார். அது மண்ணை அரித்துக்கொண்டு போகும். காலையில் மடையை அடைத்துவிட்டு, எவ்வளவு ஆழமாகியிருக்கிறது என்று இறங்கிப் பார்ப்பார். 1848 ஜனவரி 24ஆம் தேதி காலை அப்படி இறங்கியபோதுதான் தரையில் ஏதோ மின்னியது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "நீயா இருந்தா அது பொன்னுதான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?" என்று கேளுங்கள். பதில் சொல்லாதீர்கள். மறுநாள் முழுக்க அந்தக் கேள்விதான் வண்டியை இழுக்கப்போகிறது.

எப்போது போவது, எந்த வழி

ஏப்ரல், மே, அல்லது அக்டோபர். ஏப்ரலில் மலைச்சரிவெல்லாம் பச்சையாக இருக்கும், காட்டுப்பூக்களும் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 38 டிகிரியைத் தொடுவது சாதாரணம். எங்கள் முதல் பயணம் ஜூலையில், அதுவும் நண்பகலில் போய் இறங்கினோம். ஆறு வயதுப் பெண் பத்தாவது நிமிடத்தில் "காருக்குப் போலாம்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். கூட்டமும் வேடிக்கையும் வேண்டுமென்றால் ஜனவரி 24. ஆண்டுதோறும் அன்றைக்குக் கொண்டாட்டம் நடக்கும். குளிருக்கு மட்டும் தயாராகப் போங்கள்.

சாக்ரமென்டோ தாண்டி 50ஆம் நெடுஞ்சாலையில் போய், பிளாசர்வில் ஊரில் 49ஆம் சாலைக்குத் திரும்புவது வழக்கமான வழி. '49' என்ற எண்ணே 1849இல் பொன் தேடி வந்து குவிந்தவர்களின் நினைவாகத்தான். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லலாம். ஆனால் அந்தச் சாலையின் வளைவுகளில் அவர்கள் கேட்கும் நிலையில் இருக்கமாட்டார்கள். காரில் குமட்டும் பிள்ளை இருந்தால் ஷிங்கிள் ஸ்பிரிங்ஸில் இறங்கி, லோட்டஸ் சாலை வழியாகப் போங்கள். கொஞ்சம் தேவலை. எப்படியும் ஒரு பாலித்தீன் பையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். சில இடங்களில் ஃபோனில் சிக்னல் போய்விடும் என்பதால் வரைபடத்தை முன்னாலேயே இறக்கிவைத்துக்கொள்வது நல்லது.

காலை ஆறரைக்குக் கிளம்பினால் ஒன்பதரை வாக்கில் போய்ச் சேரலாம். வண்டிக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் ஸ்டேட் பார்க் பாஸ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். புத்தகம் போல எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுக்கலாம். இருந்தால் வண்டிக் கட்டணம் மிச்சம்.

பையில் என்ன

சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள். கொலோமாவில் கடைகள் கைவிரல் எண்ணிக்கைதான், அவையும் எல்லா நாளும் திறந்திருக்கும் என்று சொல்லமுடியாது. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் இதற்கென்றே பிறந்தவை. மரநிழலில் மேசை பெஞ்சு போட்டிருக்கிறார்கள். தயிர்சாதத்தைக் குளிர்பெட்டியில் வையுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில்.

நனையக்கூடிய, பின்பக்கம் வாரிட்ட செருப்பு எல்லோருக்கும். சாதாரண ரப்பர் செருப்பை ஆறு கொண்டுபோய்விடும். எங்களுடைய ஒன்று இந்நேரம் கடலுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். மாற்று உடை, துண்டு, தொப்பி. சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று. கடைகளில் கிடைக்கும் பச்சைப் பிளாஸ்டிக் அரிதட்டு, ஆளுக்கொன்று. பச்சை நிறம் ஏனென்றால் அதில் பொன்னும் தெரியும், கருமணலும் தெரியும். ஒரு காந்தம். ஒரு தையல் ஊசி.

மண்வெட்டி, கொத்து, சல்லடை எதுவும் வேண்டாம். முதல் முறை நான் தோட்டத்துக் கரணையோடு ஆற்றில் இறங்கினேன். ரேஞ்சர் (பூங்காக் காவலர்) அம்மா ஒருவர் புன்னகையோடு வந்து, 'கையும் தட்டும் மட்டும்தான் சார்' என்றார். பிள்ளைகள் முன்னால் அசடு வழிந்ததுதான் மிச்சம்.

முதலில் அருங்காட்சியகம், ஆனால் அரைமணி நேரம்தான்

ஆற்றைப் பார்த்த பிள்ளையை அப்புறம் எந்தக் கட்டடத்துக்குள்ளும் தள்ளமுடியாது. ஆகவே இறங்கியதும் நேராக அருங்காட்சியகம். அங்கே மூன்று காரியம் முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வரைபடம் வாங்கி, இன்றைக்கு எந்தக் கரையில் அரிக்க அனுமதி என்று விரல் வைத்துக் கேட்பது. இரண்டு, அன்றைக்குப் பொன் அரிக்கக் கற்றுத்தரும் வகுப்பு இருக்கிறதா என்று கேட்பது. தொட்டியில் தண்ணீர் வைத்துச் சொல்லித் தருவார்கள், தனிக் கட்டணம். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அது நல்ல தொடக்கம். மூன்று, பிள்ளைகளுக்கான ஜூனியர் ரேஞ்சர் தாள் உண்டா என்பது.

மற்றபடி உள்ளே ஒவ்வொரு பலகையையும் வாசிக்கவேண்டாம். 1848ஐ ஒட்டி இருக்கும் பகுதியை மட்டும் நின்று பாருங்கள். பொன் கிடைத்த ஒன்பதாவது நாள், பிப்ரவரி 2இல், மெக்சிகோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கலிபோர்னியாவை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. கையெழுத்துப் போட்ட இரண்டு தரப்புக்கும் இங்கே பொன் கிடைத்தது தெரியாது. எந்தப் புத்தகத்தில் படித்ததைவிடவும் இது என் மகன் மனதில் நின்றது. "தெரிஞ்சிருந்தா கொடுத்திருப்பாங்களாப்பா?" என்று திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான்.

ஆற்றில் இறங்குவதற்கு முன்

இது மலையில் பனி உருகி வரும் தண்ணீர். மே மாதத்திலும் கால் விறைக்கும். மேலே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் நீர்மட்டம் சட்டென்று ஏறும். நண்பகலுக்கு ரப்பர் படகுகள் வரிசையாக வருவதைப் பார்த்தாலே ஆற்றின் வேகம் புரியும். எங்கள் வீட்டு விதி: பிள்ளைகளுக்குக் கணுக்கால் ஆழம், பெரியவர்களுக்கு முழங்கால். நீச்சல் கிடையாது. ஒரு பெரியவர் தட்டைக் கையில் எடுக்கவே கூடாது. பிள்ளைகளைப் பார்ப்பது மட்டுமே அவர் வேலை. முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கரையோரச் செடிகளில் மூன்று மூன்றாக இலை விட்டிருப்பதைத் தொடவேண்டாம். அதன் பெயர் பாய்சன் ஓக்; பட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். (பொன் அரிப்பது வேறு, இந்த அரிப்பு வேறு.) வெயில் காலத்தில் பாறை இடுக்கில் கையைவிடுவதற்கு முன் பாருங்கள், கிலுகிலுப்பைப் பாம்புகள் உண்டு.

இன்னொன்று. அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்கள் பொடிப்பொன்னைப் பிடிக்கப் பாதரசத்தைக் கொட்டித் தீர்த்தார்கள். இந்த மலையிலிருந்து இறங்கும் ஆறுகளில் அது இன்னும் கிடக்கிறது. தட்டில் வெள்ளியாக உருளும் துளி எதுவும் கண்டால் கை வைக்காமல் ரேஞ்சரிடம் சொல்லுங்கள்.

அரிப்பது எப்படி

முதல் இரண்டு பயணத்திலும் நான் யூடியூப் பார்த்துக் கற்ற வித்தையில் ஒரு துகள்கூட நிற்கவில்லை. மூன்றாம் முறை, என் அம்மா ஒரு பாறைமேல் உட்கார்ந்து, நான் தட்டை ஆட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் ஓரத்தில் வரிவரியாக வரப்பு போல இருக்கும்.

"இது அரிக்கஞ்சட்டிதானல!"

எங்கள் ஊர்ப்பக்கம் அரிசியில் கல் எடுக்க மண்ணில் செய்த சட்டி ஒன்று இருந்தது. உள்ளே வரிவரியாகக் கீறியிருப்பார்கள். அரிசியும் தண்ணீரும் விட்டு ஆட்டி ஆட்டிச் சாய்த்தால் அரிசி தண்ணீரோடு மிதந்து அடுத்த பாத்திரத்துக்குப் போகும். கல் அந்த வரிகளில் தங்கிவிடும். இப்போது பாக்கெட் அரிசியில் கல்லே இல்லை, சட்டியும் காணாமல் போய்விட்டது. ஆனால் கை மறக்கவில்லை. அம்மா பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆட்ட ஆரம்பித்தார்.

"ஏல, பைய ஆட்டு. அவசரப்பட்டா கல்லும் சேந்துல்லா வரும்."

"ஆச்சி, இது அரிசி இல்ல. கோல்ட்."

"எதுவா இருந்தா என்ன? கனமானது கீழ போவும், லேசு மேல வரும்."

விஷயம் அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீர் 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதே டம்ளர் அளவு வெண்கல் (குவார்ட்ஸ்) 530 கிராம், காந்தத்தில் ஒட்டும் கருமணலின் தாது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பொன்னோ 3,860 கிராம். ஒரே அளவுத் துகள்களில் பொன்தான் அடியில் போய் உட்காரும். சோற்றுக்கு அரிக்கும்போது மேலே வருவது நமக்கு, அடியில் நிற்பது குப்பை. இங்கே அது தலைகீழ்.

இனி முறை. மண்ணை எங்கே அள்ளுவது என்பதில்தான் பாதி வெற்றி. வேகமாக ஓடும் நடு ஆற்றில் பொன் நிற்காது. ஆறு எங்கே இளைப்பாறுகிறதோ அங்கே அது கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடும்: பெரிய பாறைக்குப் பின்புறம், வளைவின் உள்பக்கம், பாறை வெடிப்பு. அங்கிருந்து கையாலேயே சரளைமண்ணைத் தட்டில் முக்கால் அளவுக்கு அள்ளுங்கள்.

தட்டைத் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்தி, களிமண் கட்டிகளைப் புட்டுக்குப் பிசைவதுபோலப் பிசைந்து கரையுங்கள். இதைச் சோம்பினால் களிமண் உருண்டையே பொன்னை ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். கலங்கல் ஓடித் தெளிந்ததும் பெரிய கற்களைக் கழுவிக் கழுவி வெளியே போடுங்கள். அடுத்து, தட்டு இன்னும் தண்ணீருக்குள்ளேயே இருக்க, இடமும் வலமுமாக நன்றாகக் குலுக்கவேண்டும். சுற்றக்கூடாது, குலுக்கவேண்டும். இருபது எண்ணும்வரை. கனமானதெல்லாம் அடிக்கு இறங்குவது இப்போதுதான்.

பிறகு வரிப்பக்கம் கீழே இருக்கும்படி தட்டைச் சாய்த்து, தண்ணீரில் முக்கி முக்கி எடுங்கள். ஒவ்வொரு முறையும் மேலாக இருக்கும் மணல் ஒரு படலம் வழிந்து போகும். மூன்று நான்கு முறை முக்கியதும் மறுபடி நிமிர்த்திக் குலுக்கல். மறுபடி சாய்த்து முக்கல். எல்லோரும் தப்பு செய்வது இங்கேதான்; குலுக்காமல் முக்கிக்கொண்டே இருப்பார்கள், பொன்னும் மணலோடு போய்விடும். கடைசியில் ஒரு மேசைக்கரண்டி அளவு கருமணல் நிற்கும். அரைத் தம்ளர் தண்ணீர் மட்டும் வைத்துக்கொண்டு தட்டை மெதுவாக ஒருபக்கமாகச் சுழற்றினால் கருமணல் விசிறிபோல விரியும். விசிறியின் வாலில், எல்லாம் நகர்ந்தபின் நகராமல் நிற்பதுதான் நீங்கள் தேடி வந்தது. ஒரு தட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும். பத்துத் தட்டுக்கு ஒன்றில் ஏதாவது நின்றால் நல்ல நாள்.

வீட்டிலேயே ஒருமுறை பழகிப் போவது நல்லது. குளியல்தொட்டியில் கொஞ்சம் மணல் போட்டு, அதில் சைக்கிள் பால்ரஸ் குண்டு ஐந்தைக் கலந்து அரிக்கச் சொல்லுங்கள். ஐந்தும் தட்டில் நிற்கிறவரை விடவேண்டாம். மணல் வடிகுழாயில் போய் அடைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

காக்காப்பொன்னும் மார்ஷலின் சோதனையும்

முதல் ஐந்து நிமிடத்தில் "கிடைச்சிடுச்சு!" என்று ஒரு கத்தல் வரும். தட்டு முழுக்கத் தகதகக்கும். தொண்ணூற்றொன்பது சதம் அது மைக்கா. என் மகனும் அப்படித்தான் கத்தினான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "காக்காப்பொன்னுல இது. சின்னப்பிள்ளைல நாங்க தீப்பெட்டிக்குள்ள போட்டு வச்சிருப்போம்" என்றார். அவன் முகம் போன போக்கைப் பார்க்கமுடியவில்லை. இந்த இடம்தான் நேற்றிரவுக் கேள்வியை எடுக்கவேண்டிய இடம்.

தட்டை உங்கள் நிழலுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். காக்காப்பொன் வெயில் ஒரு கோணத்தில் விழுந்தால்தான் மின்னும், நிழலில் அணைந்துவிடும். பொன் நிழலிலும் அதே மஞ்சள். அடுத்தது ஊசி. மைக்காவை ஊசியால் குத்தினால் செதில் செதிலாக உடையும். பைரைட் என்கிற இன்னொரு ஏமாற்றுக்காரன் நொறுங்கும். பொன் மட்டும் வளைந்து குழிந்து கொடுக்கும்.

மார்ஷலும் அதையேதான் செய்தார். கண்டெடுத்ததைக் கல்லில் வைத்து அடித்தார், உடையவில்லை, தட்டையானது. ஆலையில் வேலை செய்தவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த ஜென்னி விம்மர் என்ற பெண்மணி சோப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கட்டியை அந்தக் காரக் கரைசலில் போட்டுக் கொதிக்கவிட்டார். வேறு உலோகமாக இருந்தால் கறுத்திருக்கும். இது பளிச்சென்று வெளியே வந்தது. அந்தக் கட்டி இன்று பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பான்கிராஃப்ட் நூலகத்தில் இருக்கிறது. பிறகு மார்ஷல் சட்டரின் கோட்டைக்கு ஓடினார். அங்கே அமிலம் விட்டும், வெள்ளியோடு தராசில் வைத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிறுத்தும் பார்த்தார்கள். நம் ஊரில் ஆசாரி உரைகல்லில் உரசி மாற்றுப் பார்ப்பார் என்று அம்மா சொல்ல, அங்கே பக்கத்தில் அரித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவுக்கு நான் மொழிபெயர்க்கவேண்டியதாயிற்று. உரைகல்லுக்கும் அவர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது, தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது.

எங்களுக்கு அன்றைக்கு இரண்டு துகள் கிடைத்தன. வெல்லத்தில் ஒட்டிய எறும்பின் தலை அளவுகூட இருக்காது. நனைந்த விரல்நுனியால் ஒற்றி எடுத்து, குப்பித் தண்ணீரில் விரலை விட்டால் துகள் தானாக இறங்கிவிடும்.

எடுக்கலாம் என்பது பொன்னுக்கு மட்டும். பழைய ஆணி, கண்ணாடிச் சில்லு, அம்புமுனை போன்ற எதையாவது கண்டால் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ரேஞ்சரிடம் சொல்லவேண்டும். சட்டம் அப்படி.

சாப்பாட்டுக்குப் பின்: ஆலையும் உரல் பாறையும்

பழைய ஆலை என்று நீங்கள் பார்ப்பது பிற்காலத்தில் அதே மாதிரி கட்டியது. பொன் செய்தி பரவியதும் வேலைக்காரர்கள் எல்லோரும் ஆற்றில் இறங்கிவிட்டார்கள். ஆலை சீரழிந்து, வெள்ளத்தில் போய்விட்டது. அசல் இடத்தை ஆற்றங்கரையில் கல் நட்டுக் காட்டியிருக்கிறார்கள். அங்கே நின்று பார்த்தால் வெறும் தண்ணீர்தான். போகிற வழியில் வெளியே வைத்திருக்கும் பழைய சுரங்கச் சாமான்களையும் காட்டுங்கள். தட்டில் எடுக்கிற பொன் சில வருடங்களில் தீர்ந்துபோனதும், பெரும் பீய்ச்சுகுழாய்களால் மலைகளையே கரைத்தார்கள். கீழே விவசாய நிலமெல்லாம் சேற்றில் மூழ்க, 1884இல் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. கோலாரில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இறங்கிய சுரங்கம் வேறு வகை. அங்கே பொன் பாறைக்குள் இருந்தது, இடித்துத்தான் எடுக்கவேண்டும்.

பெரும்பாலோர் தவறவிடுவது அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் உரல் பாறையை. தரையோடு தரையாக இருக்கும் பாறையில் வட்டவட்டமாகக் குழிகள். நிசெனன் என்ற பூர்வகுடி மக்களின் ஊர் இது. கொலோமா என்ற பெயரே அவர்களுடைய 'குல்லுமா'விலிருந்து வந்தது. அழகான பள்ளத்தாக்கு என்று பொருள். ஓக் மரக் கொட்டைகளை இந்தக் குழிகளில் போட்டு இடித்து, மாவைத் தண்ணீர் விட்டு விட்டுக் கசப்பு நீக்கிச் சமைத்தார்கள். பிள்ளையைக் குழியின் பக்கத்தில் உட்காரவைத்து, இவ்வளவு ஆழம் தேய எத்தனை பேருடைய கை வேண்டும் என்று கேளுங்கள். 1848இல் கலிபோர்னியாவில் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த பூர்வகுடிகள் 1870இல் முப்பதாயிரமாகக் குறைந்தார்கள். நோய், பசி, நேரடிக் கொலை. ஒன்பது வயதுக்கு எவ்வளவு சொல்வது என்பது உங்கள் தீர்மானம்; நான் எண்ணிக்கையை மட்டும் சொன்னேன். மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சாலையோரம் இரண்டு கல் கட்டடங்கள் இருக்கும், வா ஹாப், மான் லீ கடைகள். சீனர்களுடையவை. அவர்கள் கலிபோர்னியாவைக் 'காம் சான்' என்றார்கள், பொன்மலை என்று அர்த்தம். ஆற்றோரப் பாதை ஒன்றுக்கு அந்தப் பெயரே வைத்திருக்கிறார்கள். வந்தவர்களை மாநிலம் வரவேற்ற விதம்: 1850இல் வெளிநாட்டுச் சுரங்கக்காரருக்கு மாதம் 20 டாலர் வரி, எதிர்ப்பு வந்து கைவிட்டு, 1852இல் சீனர்களைக் குறிவைத்து மாதம் 3 டாலராகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். விசா வரிசையில் நிற்கிற நம்மவர்கள் இந்தக் கடை வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகவேண்டும்.

நான்சி கூச் என்ற பெயரையும் தேடிப் படியுங்கள். அடிமையாக இங்கே கொண்டுவரப்பட்டவர். 1850இல் கலிபோர்னியா அடிமைமுறை இல்லாத மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தபோது விடுதலை ஆனார். சுரங்கக்காரர்களுக்குத் துணி துவைத்து, சமைத்து, காசு சேர்த்து 700 டாலர் செலவில் மிசௌரியில் விட்டுவந்த மகனையும் அவன் குடும்பத்தையும் வரவழைத்தார். இந்த ஊரில் நிலமும் வாங்கினார்கள். எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குப் பிடித்த கதை இதுதான்.

கடைசியாக மேடு

வெயில் தாழ்ந்ததும் மார்ஷல் சிலைக்குப் போங்கள். பாதையில் நடந்தும் ஏறலாம், காரிலும் போகலாம். வயதானவர்கள் இருந்தால் கார். 1890இல் எழுப்பியது. கீழே அவருடைய கல்லறை. சிலையின் விரல் பொன் கிடைத்த இடத்தைக் காட்டுகிறது.

அவருக்கு என்ன கிடைத்தது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை. 1872இலிருந்து சில வருடம் மாநிலம் உதவித்தொகை கொடுத்தது, பிறகு நிறுத்திவிட்டது. 1885இல் பக்கத்து ஊரான கெல்சியில் ஏழையாக இறந்தார். சட்டரின் நிலங்களை வந்தவர்கள் ஆக்கிரமித்துக்கொண்டார்கள், அவரும் நொடித்துப்போனார். சம்பாதித்தவர் சாம் பிரானன் என்ற கடைக்காரர். ஊரிலிருந்த சுரங்கச் சாமான்களை வாங்கிக் குவித்துவிட்டு, 1848 மே மாதம் பொன்பொடிக் குப்பியோடு சான் பிரான்சிஸ்கோ தெருவில் "அமெரிக்கன் ஆற்றில் பொன்!" என்று கத்திக்கொண்டே போனார். பொன் தேடி ஓடியவர்கள் தட்டுகளை அவரிடம்தான் வாங்கவேண்டியிருந்தது. இந்தக் கதையைக் கேட்டு என் மனைவி, நாங்கள் தட்டு வாங்கிய பில்லை எடுத்துக் காட்டினாள்.

திரும்பும்போது

ஈரச் செருப்பு, ஈர உடை எல்லாம் ஒரே பையில், டிக்கியில். கால் விரலிடுக்கு மணலை அங்கேயே கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் கார் இருக்கையில் மாதக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கலாம். நேரம் மிச்சமிருந்தால் பிளாசர்வில்லில் கோல்ட் பக் சுரங்கத்துக்குள் பிள்ளைகள் நடந்து பார்க்கலாம். செப்டம்பர், அக்டோபர் என்றால் ஆப்பிள் ஹில் தோட்டங்கள் பிளாசர்வில்லுக்குக் கொஞ்சம் கிழக்கேதான், ஆனால் வாரக்கடைசியில் அந்தப் போக்குவரத்துக்கு நான் பொறுப்பில்லை. கோல்ட் ஹில் பக்கம் 1869இல் ஜப்பானியர்கள் தேயிலையும் பட்டும் வளர்க்க வந்து குடியேறிய பண்ணை ஒன்றும் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் திணித்தால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

தட்டு ஆளுக்கொன்று என்று முன்னால் சொன்னேன். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு இப்போது மூன்றுதான் இருக்கிறது. அம்மா ஊருக்குக் கிளம்பியபோது பொன் குப்பியை எடுத்துப்போகச் சொல்லி நீட்டினேன். அது பேரனுக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, பச்சைத் தட்டில் ஒன்றைச் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியைப் பூட்டினார். அம்பாசமுத்திரத்தில் அதில் உளுந்து அரிப்பதாகக் கேள்வி.